எலிக்குச் சரியான பிசிஓஎஸ், பெண்ணுக்கும் சரியாகுமா?

லெட்ரோசோல் என்பது குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் போகும் பல பெண்களுக்குத் தெரிந்த மாத்திரை. பிசிஓஎஸ் காரணமாக முட்டை வெளியாகாத பெண்களுக்கு, மாதவிடாய் தொடங்கியதும் ஐந்து நாள் மட்டும் இதைக் கொடுப்பது வழக்கம். அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடத்தப்பட்டு 2014-ல் வெளியான பெரிய ஆய்வில், பழைய மருந்தான க்ளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. லெட்ரோசோல் எடுத்தவர்களில் அது 27.5 சதவீதம். அதன்பின் இதுவே முதல் தேர்வு மருந்தாகிவிட்டது.

இதே லெட்ரோசோலை ஆய்வுக்கூடத்தில் ஒரு பெண் எலிக்குத் தினமும் மூன்று வாரம் கொடுத்தால் என்ன ஆகும்? அந்த எலிக்கு ‘பிசிஓஎஸ்’ வரும்!

பெண்ணுக்குச் சிகிச்சை, எலிக்கு நோய். இது முரண்பாடு மாதிரித் தெரியும், ஆனால் காரணம் எளிமையானது. உடலில் ஆண்ட்ரோஜன் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் ஒரு நொதி இருக்கிறது. அதைத்தான் லெட்ரோசோல் தடுக்கிறது. ஐந்து நாள் தடுத்தால் ஈஸ்ட்ரோஜன் கொஞ்சம் குறையும். உடனே மூளை, முட்டையை வளர்க்கும் ஹார்மோனை அதிகமாக அனுப்பும். வாரக்கணக்கில் தடுத்தால், மாற வழியில்லாத டெஸ்டோஸ்டிரோன் உடலில் தேங்கிவிடும். எலியின் சுழற்சி நிற்கும், முட்டை வெளியாகாது, சினைப்பையில் நீர்க்கட்டிகள் தெரியும்.

“பிசிஓஎஸ்ஸுக்குத் தீர்வு கண்டுபிடிப்பு” என்று மொபைலில் வந்து விழும் செய்திகளில் கணிசமானவை இப்படி உருவாக்கப்பட்ட எலிகளைப் பற்றியவை. அந்த எலிக்குப் பிசிஓஎஸ் தானாக வரவில்லை, மனிதர்கள் வரவைத்தார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தச் செய்தியைப் படிப்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

எதற்கு விலங்குகள்?

பெண்களில் சுமார் 8 முதல் 13 சதவீதம் பேருக்குப் பிசிஓஎஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பாதிக்கப்பட்டவர்களில் 70 சதவீதம் பேர் வரை தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்றும் அது சொல்கிறது. 1935-ல் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டெயினும் லெவன்தாலும் ஏழு பெண்களை வைத்து இதை விவரித்தார்கள். 90 ஆண்டுகள் ஆகியும், இது ஏன் வருகிறது என்பதற்கு முழுமையான பதில் இல்லை.

பதில் தேடுவது அவ்வளவு கடினமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கருவில் இருக்கும்போதே இதற்கான விதை விழுகிறதா என்று பார்க்க, கர்ப்பிணிக்கு ஹார்மோன் ஊசி போட முடியாது. சினைப்பையை வாராவாரம் வெட்டிப் பார்க்க முடியாது. தாயிடமிருந்து மகளுக்கும் பேத்திக்கும் போகிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். சுண்டெலியில் கர்ப்ப காலம் மூன்று வாரம்தான். ஓராண்டுக்குள் மூன்று தலைமுறையைப் பார்த்துவிடலாம்.

ஆக, விலங்கு ஆய்வு வேண்டுமா வேண்டாமா என்பது இங்கே கேள்வி இல்லை. எந்தக் கேள்விக்கு எந்த விலங்கு என்பதுதான் கேள்வி.

நோயை ‘செய்வது’ எப்படி?

பெண்களில் பிசிஓஎஸ்ஸைக் கண்டறிய 2003-ல் ராட்டர்டாமில் நடந்த கூட்டத்தில் ஒரு வரையறை உருவானது. மாதவிடாய் ஒழுங்கில்லாமை, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் சினைப்பை தெரியும் விதம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் போதும். அதாவது, ஒரே பெயரின் கீழ் பல வகைப் பெண்கள் இருக்கிறார்கள். முகத்தில் முடி வளர்ந்து எடை கூடியவரும் பிசிஓஎஸ் நோயாளிதான். ஒல்லியாக இருந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் மாதவிடாய் வருபவரும் பிசிஓஎஸ் நோயாளியாக இருக்கலாம்.

விலங்கில் இதைக் கொண்டுவர ஆய்வாளர்கள் பல வழிகளை வைத்திருக்கிறார்கள். பழைய வழிகளில் ஒன்று டிஹெச்இஏ ஊசி. இளம் எலிகளுக்கு இந்த ஹார்மோனைக் கொடுத்தால் சினைப்பையில் நீர்க்கட்டி மாற்றங்கள் வருவதாக 1962-லேயே ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. லெட்ரோசோல் இரண்டாவது வழி. டிஹெச்டி என்ற வீரியமான ஆண்ட்ரோஜனைச் சின்ன மாத்திரை வடிவில் தோலுக்கு அடியில் வைத்து, மாதக்கணக்கில் கசியவிடுவது மூன்றாவது. தாய் கர்ப்பமாக இருக்கும்போதே ஹார்மோன் கொடுத்து, பிறக்கும் பெண் குட்டிகள் வளர்ந்த பிறகு என்ன ஆகின்றன என்று பார்ப்பது நான்காவது.

எல்லாவற்றின் முடிவிலும் வருவதைப் ‘பிசிஓஎஸ் எலி’ என்றே கட்டுரைகள் அழைக்கின்றன. ஆனால் எல்லா எலியும் ஒரே எலி இல்லை. 2014-ல் சிட்னி ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் இந்த நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு வழியிலும் வேறு வேறு அறிகுறிகள் வந்தன. முட்டை வெளியாகாமை, உடல் கொழுப்பு, ரத்தக் கொழுப்பு என்று பெண்களிடம் காணும் அம்சங்களை அதிகமாகக் காட்டியது டிஹெச்டி வழிதான்.

எலி எங்கே ஒத்துப்போகாது?

ஆய்வுக்கூட எலிக்கு மாதவிடாயே கிடையாது. அதன் இனப்பெருக்கச் சுழற்சி நான்கைந்து நாளில் முடிந்துவிடும். அந்தச் சுழற்சி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, பிறப்புறுப்பிலிருந்து எடுத்த செல்களைத் தினமும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார்கள். பெண்ணிடம் பொதுவாக ஒரு சுழற்சியில் ஒரு முட்டை வெளியாகும். எலியிடம் ஒரே நேரத்தில் பல முட்டைகள் வெளியாகும். பெண்ணை அதிகம் வருத்தும் முகமுடியையும் முகப்பருவையும் உடல் முழுக்க ரோமம் உள்ள எலியிடம் தேடவே முடியாது.

இன்னும் ஒன்று. பெண்ணின் உடலில் ஆண்ட்ரோஜன் சினைப்பையில் மட்டும் சுரப்பதில்லை. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியிலும் சுரக்கிறது. வளர்ந்த எலியின் அட்ரீனல் அதைச் செய்வதில்லை. அதனால் அட்ரீனல் வழியாக ஆண்ட்ரோஜன் கூடிய பெண்ணின் நிலைமையை எலியில் அப்படியே பார்க்க முடியாது.

‘நீர்க்கட்டி’ என்ற சொல்லிலும் குழப்பம் இருக்கிறது. பிசிஓஎஸ் உள்ள பெண்ணின் ஸ்கேனில் மணி கோத்த மாதிரித் தெரிபவை உண்மையில் கட்டிகளே இல்லை. வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்ட முட்டைப் பைகள் அவை. டிஹெச்இஏ, லெட்ரோசோல் கொடுத்த எலிகளிலோ நிஜமாகவே பெரிய நீர்க்கட்டிகள் வருகின்றன. லெட்ரோசோல் எலியில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியே தடுக்கப்பட்டிருக்கிறது. பிசிஓஎஸ் பெண்களிடம் பொதுவாக அப்படி இல்லை. படத்தில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியலாம், உள்ளே நடப்பது வேறு.

இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் பெரிய விலங்குகள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வசந்தா பத்மநாபன் குழு செம்மறி ஆடுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறது. ஆடு ஒரு ஈற்றில் ஒன்றிரண்டு குட்டிதான் போடும். முட்டை வளர்ச்சியை ஸ்கேனில் பின்தொடரலாம். விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் டேவிட் அபாட் குழு ரீசஸ் குரங்குகளை ஆராய்ந்தது. இந்தக் குரங்குக்கு மாதவிடாய் உண்டு, சுழற்சியும் ஏறத்தாழ 28 நாள். ஆனால் குரங்கு மெதுவாக வளரும், செலவு அதிகம், எண்ணிக்கை குறைவு. மனிதருக்கு நெருங்கிய உயிர் என்பதால் அறநெறிக் கேள்வியும் கனமானது. அதனால்தான் பெரும்பாலான வேலை எலியிலேயே முடிந்துவிடுகிறது.

ஆனால் எலி சொல்லித்தந்தவை சாதாரணமானவை அல்ல

இத்தனை வித்தியாசம் இருந்தால் எலி ஆய்வே வீண் என்று முடிவுகட்டிவிடலாமா? கூடாது. சரியான கேள்வியைக் கேட்டபோது விலங்குகள் தந்த பதில்கள், பிசிஓஎஸ்ஸைப் பார்க்கும் பார்வையையே மாற்றியிருக்கின்றன.

முதலாவது, கருவறை. குரங்கிலும் ஆட்டிலும், கருவில் இருக்கும்போது ஆண்ட்ரோஜன் அதிகமாகக் கிடைத்த பெண் குட்டிகளுக்கு, வளர்ந்தபின் சுழற்சிக் கோளாறும் இன்சுலின் சிக்கலும் வந்தன. ‘சாப்பாட்டைக் கட்டுப்படுத்தாததால் வந்தது’ என்று பெண்ணையே குற்றவாளியாக்கும் பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது. பிறக்கும் முன்பே தொடங்கியிருக்கக்கூடிய ஒன்றுக்கு 22 வயதுப் பெண் எப்படிப் பொறுப்பாவாள்?

இரண்டாவது, மூளை. பெயரில் ‘ஓவரி’ இருப்பதால் எல்லாப் பழியும் சினைப்பை மேல்தான். 2017-ல் சிட்னி ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஆண்ட்ரோஜன் வேலை செய்வதற்குத் தேவையான ‘பூட்டை’ மரபணு மாற்றத்தின் மூலம் சில சுண்டெலிகளின் மூளை நரம்பு செல்களில் மட்டும் நீக்கினார்கள். வேறு சிலவற்றில் சினைப்பையின் முட்டையைச் சுற்றியுள்ள செல்களில் மட்டும் நீக்கினார்கள். பிறகு இரண்டுக்கும் டிஹெச்டி கொடுத்தார்கள். சினைப்பையில் பூட்டு இல்லாத எலிகளுக்குப் பிசிஓஎஸ் அம்சங்கள் வந்தன. மூளையில் பூட்டு இல்லாதவற்றில் பல அம்சங்கள் வரவே இல்லை. எந்தப் பெண்ணிடமும் செய்ய முடியாத சோதனை இது.

மூன்றாவது, தலைமுறை. 2018-ல் பிரான்ஸின் லீல் நகரில் பாலோ ஜியாகோபினி குழு, பிசிஓஎஸ் உள்ள கர்ப்பிணிகளில் ஏஎம்ஹெச் என்ற ஹார்மோன் கூடுதலாக இருப்பதைக் கவனித்தது. அதே ஹார்மோனைக் கர்ப்பிணிச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது, பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்ததும் பிசிஓஎஸ் போன்ற அறிகுறிகளைக் காட்டின. மறு ஆண்டு, ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனக் குழு இரண்டையும் சேர்த்துப் பார்த்தது. அந்த நாட்டு மருத்துவப் பதிவேட்டில், பிசிஓஎஸ் உள்ள தாயின் மகள்களுக்கு அது கண்டறியப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஐந்து மடங்கு. சுண்டெலியிலோ, கருவில் ஆண்ட்ரோஜன் பட்டதன் விளைவு மூன்றாம் தலைமுறைவரை போனது.

இந்த ஆய்வுகளில் ஒரு பொதுவான குணம் இருக்கிறது. பெண்களிடம் பார்த்த ஒன்றிலிருந்து கேள்வி தொடங்குகிறது அல்லது எலியில் பார்த்தது பெண்களிடமும் உண்டா என்று திரும்பி வந்து கேட்கிறது. எலி பாதி வழியில் வரும் துணை மட்டும்தான்.

அங்கிருந்து பொடி டப்பாவுக்கு

மறுபக்கம் இன்னொரு வகை ஆய்வு பெருகியிருக்கிறது. எலிக்கு லெட்ரோசோல் கொடு, ஒரு மூலிகைச் சாற்றைக் கொடு, சுழற்சி சீராவதைக் காட்டு, கட்டுரை எழுது. வெந்தயம், இலவங்கப்பட்டை, சோற்றுக்கற்றாழை என்று பட்டியல் நீளம். சோற்றுக்கற்றாழை ஜெல் கொடுத்த லெட்ரோசோல் எலிகளில் சுழற்சி மேம்பட்டதாக 2010-லேயே இந்தியாவில் ஒரு கட்டுரை வந்தது.

இப்படி ஆராய்வது தவறில்லை. மூலிகையிலிருந்து நல்ல மருந்து வர முடியும். தவறு, அதோடு நின்றுவிட்டு அதையே ஆதாரமாக விற்பதில். எலியில் வெற்றி என்றால் அடுத்து பெண்களிடம் ஒழுங்கான பரிசோதனை நடக்க வேண்டும். அந்தப் படியைத் தாண்டிக் குதித்து, “அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது” என்ற வரியோடு பொடி டப்பா நேரே இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு வந்துவிடுகிறது. மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை அதற்குக் கொடுப்பது, தாமதமாகும் மாதவிடாயை நினைத்துக் கவலையில் இருக்கும் ஒரு பெண். பணம் போவதைவிடப் பெரிய நஷ்டம் நேரம். நீரிழிவுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டிய, கர்ப்பப்பை உட்சுவர் தடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய மாதங்கள் பொடியைக் கரைத்துக் குடிப்பதிலேயே கழிந்துவிடும்.

எலி சோதனையிலேயே ஒரு ஓட்டையும் இருக்கலாம். மூன்று வாரம் லெட்ரோசோல் கொடுத்து நிறுத்திவிட்டு, பிறகு சாற்றைக் கொடுத்தால், சுழற்சி திரும்பியது சாற்றாலா, லெட்ரோசோலை நிறுத்தியதாலா? லெட்ரோசோலை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீர் மட்டும் கொடுத்த இன்னொரு குழு அந்த ஆய்வில் இருந்தால்தான் விடை தெரியும். விளம்பரத்தில் அந்தத் தகவல் ஒருபோதும் இருக்காது.

பெண்களிடம் நிறையவே ஆராயப்பட்ட இனோசிட்டால் விஷயத்திலும் 2023-ன் சர்வதேச வழிகாட்டுதல் அடக்கமாகத்தான் பேசுகிறது. தீங்கு குறைவு, வளர்சிதை மாற்ற அளவீடுகளில் பலன் இருக்கலாம்; ஆனால் முட்டை வெளியாவது, முடி வளர்ச்சி, எடை ஆகியவற்றில் பலன் குறைவு; விருப்பப்பட்டால் எடுக்கலாம், அவ்வளவுதான். பெண்களிடமே சோதித்த பொருளுக்கு இவ்வளவு நிதானம் என்றால், எலியோடு நின்றுவிட்ட பொருளுக்கு எவ்வளவு நிதானம் வேண்டும்?

சரியான பாதை எப்படி இருக்கும்?

2024-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஒரு ஆய்வு நல்ல உதாரணம். ஷாங்காய் ஃபூதான் பல்கலைக்கழகக் குழு, மலேரியாவுக்குத் தரப்படும் ஆர்டெமிசினின் வகை மருந்துகளை எடுத்துக்கொண்டது. எலிகளில் அது டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்தது. குழு அதோடு நிற்கவில்லை. எப்படிக் குறைக்கிறது என்று தேடி, ஆண்ட்ரோஜன் உற்பத்தியின் முதல் படியில் இருக்கும் ஒரு நொதி சிதைக்கப்படுவதைக் காட்டியது. பிறகு பிசிஓஎஸ் உள்ள 19 பெண்களுக்கு 12 வாரம் அந்த வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 12 பேருக்கு மாதவிடாய் சீரானது.

நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் 19 பேர் என்பது மிகச் சின்ன எண்ணிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரை எடுத்த குழுவும் இல்லை. மலேரியா மருந்தைப் பிசிஓஎஸ்ஸுக்கு யாரும் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் நிலை இன்னும் வரவில்லை. எலி, காரணம், சிறிய மனித ஆய்வு, பெரிய மனித ஆய்வு என்ற வரிசையில் இது மூன்றாம் படியில் இருக்கிறது. மூலிகை விளம்பரங்களில் பல முதல் படியிலேயே உட்கார்ந்திருக்கின்றன.

என்ன மாற வேண்டும்?

விலங்குகளையே விட்டுவிட வேண்டும் என்ற குரலும் வலுத்துவருகிறது. புது மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற விதியை அமெரிக்கா 2022 டிசம்பரில் நீக்கியது. இந்தியாவும் 2023-ல் விதிகளைத் திருத்தி, செல் அடிப்படையிலான முறைகள் போன்ற மாற்று வழிகளை ஏற்றுக்கொண்டது. நல்ல மாற்றங்கள்தான். ஆனால் சினைப்பை, மூளை, கொழுப்பு, கணையம் என்று உடல் முழுக்க ஓடும் இந்த உரையாடலை ஒரு தட்டில் வளர்க்கும் செல்களில் முழுசாகப் பார்க்க முடியாது. பிசிஓஎஸ் ஆய்வுக்கு இன்னும் சில காலம் விலங்குகள் தேவைப்படும்.

அப்படித் தேவைப்படும் என்பதாலேயே அவற்றைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும். ஐம்பதாவது மூலிகையை ஐம்பதாவது லெட்ரோசோல் எலிக் கூட்டத்தில் சோதித்து, பெண்களிடம் எடுத்துப் போகும் எண்ணமே இல்லாமல் கட்டுரையோடு முடிப்பதில் யாருக்கு லாபம்? எலி செத்ததுதான் மிச்சம். ஆய்வுக்கு அனுமதி தரும் நிறுவன அறநெறிக் குழுக்கள், “இந்த முறையைத் தேர்ந்தெடுத்தது ஏன்? இதன் அடுத்த படி என்ன?” என்ற இரண்டு கேள்விகளைக் கட்டாயமாகக் கேட்கலாம். பத்திரிகைகளும் தலைப்பிலேயே ‘எலிகளில்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிடலாம். ஒரு சொல்தான், ஆனால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மொபைலில் அடுத்த ‘பிசிஓஎஸ் தீர்வு’ செய்தி வரும்போது ஃபார்வர்ட் செய்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நான்கு: எந்த விலங்கு? நோயை எந்த முறையில் வரவைத்தார்கள்? ஒப்பிட ஒரு குழு இருந்ததா? பெண்களிடம் சோதித்தார்களா, சோதித்திருந்தால் எத்தனை பேரிடம்? இந்த நான்குக்கும் செய்தியில் விடை இல்லையென்றால், அதை நம்பி மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது.